எங்கள் எஸ்டேட் கார்

1

மாத்தளைப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். நமக்கு எஸ்டேட் என்றால் ஒன்றுதான்: மலை, தேயிலைக் கொழுந்து, வரிசை வீட்டு லயம், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம், துரை பங்களா. இங்கிலாந்தில் அந்தச் சொல் பல வேலை பார்க்கிறது. பிரபு ஒருவரின் காணியும் மாளிகையும் எஸ்டேட். நகரசபை கட்டி, குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் அடுக்குமாடி வீடுகளும் எஸ்டேட். செத்தவர் விட்டுப்போன சொத்தும் எஸ்டேட். அது போதாதென்று, கூரை குறையாமல் வால்வரை நீண்டு போகிற குடும்பக் காருக்கும் எஸ்டேட் என்றுதான் பெயர். நாம் ஸ்டேஷன் வேகன் என்று சொல்வோமே, அது.

நான் வேலை செய்வது நகரசபையின் வீட்டுப் பிரிவில். எங்கள் கதவில் ‘எஸ்டேட் ஒஃபிஸ்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். வேலைக்குப் போன முதல் நாள் அந்தப் பலகையின் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஒஃபிஸில் அப்பா எப்போதும் யன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். நான் காலையில் சாவி போட்டுக் கதவைத் திறக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

லண்டனுக்கு வந்து ஏழு வருடம் நிறைந்த அதே வாரத்தில், மகள் ஆரணியின் வகுப்பு ஆசிரியை பாடசாலை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆறு வயதுப் பிள்ளைகளிடம் தங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். ஆரணி எழுந்து, என் தாத்தா இலங்கையில் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறார் என்றிருக்கிறாள். ஆசிரியை என்னிடம் மிகுந்த மரியாதையோடு, எத்தனை ஏக்கர் இருக்கும் என்று கேட்டார்.

அப்பா எஸ்டேட்டில் இருக்கிறார், எஸ்டேட் அப்பாவிடம் இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

எஸ்டேட்டைப் பற்றி என்னிடம் கேட்கிற முதல் ஆள் அவர் இல்லை. நம் ஊர்ப் பேச்சு மாறாமல் நான் பேசுவதால், லண்டன் கோயிலில் புதிதாகச் சந்திக்கிறவர்கள், நீங்கள் இந்தியாவோ என்பார்கள். மாத்தளை என்பேன். மாத்தளையில் எவடம் என்பார்கள். ரத்தோட்டைப் பக்கம் என்றால் குரல் கொஞ்சம் இறங்கும். “ஓ, எஸ்டேட்டோ?” அந்த ‘ஓ’வில், தோட்டத்துக் கூலி வீட்டுப் பிள்ளை என்பது முதல் எல்லாம் இருக்கும். ஆமாங்க, எஸ்டேட்தான் என்று முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

இந்த முறை அந்தச் சொல் ஒரு காரின் வடிவத்தில் வந்தது.

2

சமாதானப் பேச்சு தொடங்கிப் பாதைகள் திறந்த பிறகுதான், அப்பாவையும் அம்மாவையும் மூன்று மாதம் இங்கே கூட்டிவரலாம் என்ற தைரியம் எனக்கு வந்தது. கடிதங்கள், வங்கிக் கணக்கு, வீட்டு அளவு என்று கேட்டதெல்லாம் அனுப்பினேன். கொழும்பில் விசா அதிகாரி, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அம்மாவிடம், உங்கள் மகளால் உங்களைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று எப்படி நம்புகிறீர்கள் என்று கேட்டாராம். “அவ எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ளைங்க” என்று அம்மா சொன்னாராம். விசா கிடைத்துவிட்டது. அம்மா சொன்னதற்காகத்தான் கிடைத்தது என்று அப்பா இன்றைக்கும் நம்புகிறார்.

விசா கிடைத்ததும் வீட்டில் கார்ப் பேச்சு தொடங்கியது. எங்கள் சின்னக் காரில் நான், கணவர் குமரன், அவருடைய அம்மாவான என் மாமி, ஆரணி நான்கு பேரே நெருக்கிக்கொண்டுதான் போவோம். இன்னும் இரண்டு பேர் என்றால் பெரிய வண்டி வேண்டும்.

குமரனின் குடும்பம் யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். அவருடைய அப்பா மாத்தளைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். குமரன் மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தும் வீட்டுக்குள்ளே யாழ்ப்பாணத் தமிழை விடாமல் வைத்திருந்தார்கள். மாமா காலமான பிறகு மாமி எங்களோடுதான் இருக்கிறார்.

குமரனுக்குக் கார் என்றால் பைத்தியம். அவருக்கு மேலே ஒரு பைத்தியம் அவருடைய கூட்டாளி தவம் அண்ணன். பெற்றோல் நிலையத்தில் வேலை பார்ப்பவர். சனிக்கிழமை தோறும் எங்கள் குசினி மேசையில் கார்ச் சஞ்சிகைகளை விரித்துவைத்து, கல்யாணத் தரகர்கள் ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

குமரன் கேட்டது ஜப்பான்காரன் செய்த ஏழு இருக்கை வண்டி. நம் ஊர் வேனுக்குச் சுருங்கிய தம்பி மாதிரி இருக்கும்; இங்கே அதை எம்பிவி என்பார்கள். முன்னுக்கு இரண்டு, நடுவில் மூன்று, பின்னுக்கு இரண்டு. ஒவ்வொரு சீட்டும் தனித்தனி. மடிக்கலாம், தள்ளலாம், கழற்றி வீட்டுக்குள்ளே கொண்டுவந்து வைக்கலாம். பெற்றோல் எஞ்சின், சத்தம் இல்லை. எந்த சீட்டுக்குப் பக்கத்திலும் கோப்பை வைக்கக் குழி இருக்கிறது என்று அதையும் ஒரு பெருமையாகச் சொன்னார்.

“கோப்பை வைக்கிற ஓட்டையைப் பாத்துக் கார் வாங்கிற முதல் ஆள் நீதானடா” என்றார் தவம் அண்ணன். அவருடைய கட்சி ஸ்வீடன்காரனின் எஸ்டேட், அதுவும் டீசல். “பெற்றோல் எண்டால் ஓட்டம். டீசல் எண்டால் இழுவை. ஆறு சனத்தையும் சாமானையும் ஏத்திக்கொண்டு நீ ஓடப்போறியோ, இழுக்கப்போறியோ?”

பிறகு பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய கதைக்குப் போய்விட்டார். காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், பின்னால் வருகிறவனுக்குப் பாதை தெரியாத அளவு புகை வருமாம். அந்தக் கதையை நாங்கள் பல தடவை கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் புகை கூடிக்கொண்டே வரும்.

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே ஒன்றைத்தான் கேட்டேன். “கடைசி வரிசையில யாருங்க இருப்பாங்க?”

குமரன் தலையை நிமிர்த்தாமல் சஞ்சிகையின் ஓரத்தில் ஏழு கட்டம் கீறிக் காட்டினார். முன்னுக்கு நாங்கள் இருவரும். நடுவில் மாமியும் ஆரணியும். மாமிக்குப் பிரயாணத்தில் வயிற்றைப் பிரட்டும், ஆரணியின் பிள்ளைச் சீட்டைப் பூட்ட நடுவரிசைதான் வசதி. “பின்னுக்கு உம்மட அப்பாவும் அம்மாவும்.”

ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. எல்லாக் காரணமும் சரியாகவும் இருந்தது. தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டு நான் வெளியே போய்த் துணி காயப்போட்டேன்.

3

எங்கள் கல்யாணம் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் நடந்தது. இரண்டு வீட்டுக்கும் முழுச் சம்மதம் இல்லாத கல்யாணம். ஆனாலும் எல்லோரும் வந்தார்கள். தாலி கட்டி முடிந்ததும், கண்டியில் குமரனின் பெரியப்பா வீட்டில் விருந்து. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டிய யுத்த காலம் அது. மாமா தனக்குத் தெரிந்த ஹனீபா நானாவின் வேனைப் பிடித்திருந்தார்.

அந்த மாதிரி வேனை நம் ஊரில் டொல்பின் என்பார்கள், முகம் அப்படி இருக்கும். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். முன்னுக்கு இருக்கிறவருக்குக் கௌரவமும் சூடும் சேர்ந்தே கிடைக்கும். பின்னால் வரிசை வரிசையாக சீட். நடுவழியையும் வீணாக்காமல் மடக்கு சீட் பூட்டியிருப்பார்கள். கடைசி வரிசையில் இருப்பவர் இறங்க வேண்டுமென்றால் முன்னால் இருக்கிற அத்தனை மடக்கு சீட்டும் எழுந்து மடங்க வேண்டும். இல்லாவிட்டால் பின்கதவைத் திறந்து சாமானோடு சாமானாக இறங்க வேண்டும்.

அன்றைக்கு அந்தக் கடைசி வரிசையில் வாழைக்குலையும் அண்டாவும் இருந்தன. யார் எங்கே ஏறுவது என்று மாமிதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் ஓரமாக நின்றார்கள். அப்பா பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தார், வாழ்க்கையில் முதல் தடவை.

“அவை பின்னுக்கு இருக்கட்டும். லொறியில போய்ப் பழக்கம்தானே” என்றார் மாமி.

அதில் விஷம் எதுவும் இல்லை. அண்டாவை எங்கே வைப்பது என்று சொன்ன அதே குரலில்தான் சொன்னார். பொண்ணைப் பெற்றவர்கள் வாழைக்குலைக்கு இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்தார்கள்.

மாத்தளையில் இருந்து கண்டிக்குப் போகிறவர்களுக்குப் பலகடுவ ஏற்றம் தெரியும். வேனில் அளவுக்கு மேல் ஆட்கள். பாதி ஏற்றத்தில் எஞ்சின் முனகத் தொடங்கியது. ஹனீபா நானா ஓரமாக நிறுத்தி, கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். “வண்டி இழுக்குதில்லையே. பின்னுக்குள்ளவங்க மட்டும் கொஞ்சம் எறங்கி நடந்தா நல்லம். மேல ஏத்திக்கிறேன்.”

பாரம் பின்பக்கம்தான் கூட. அவர் சொன்னதும் சரியான காரணம்தான்.

பின்கதவைத் திறந்தார்கள். அப்பாவும் அம்மாவும் இறங்கினார்கள். நான் மாலையோடு நடுவரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் மடக்கு சீட்டில் யாரோ ஒரு பெரியம்மா. வேன் நகர்ந்தது. பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புகைக்குள்ளே நடந்து வந்தார். அம்மா அவருக்குப் பின்னால், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு. வளைவு வந்தது, இருவரும் மறைந்துவிட்டார்கள்.

மேலே ஏறி வந்து சேர்ந்ததும் அப்பா வேனின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, “வண்டிக்குத்தான் மூச்சு வாங்கிருச்சு, எனக்கு வாங்கல” என்றார். வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கொஞ்ச தூரத்தில் சோதனைச் சாவடி. அங்கே எல்லோரும் இறங்க வேண்டும். மாப்பிள்ளை, பெண், கச்சேரி மாமா, மாமி, அப்பா எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே வரிசையில் நின்றோம். முன் சீட், பின் சீட் என்ற பேதம் அன்றைக்கு அங்கே மட்டும்தான் இருக்கவில்லை. பிறகு எல்லோரும் ஏறினோம். அவரவர் இடத்துக்கே.

4

மேற்கு லண்டனில் பழைய கார் விற்கிற ஒரு கராஜுக்கு ஞாயிற்றுக்கிழமை போனோம். நான், குமரன், ஆரணி. தவம் அண்ணன் தன் கட்சிக்கு வாக்குச் சேகரிக்கக் கூடவே வந்தார்.

விற்பனைக்காரர் சிவந்த முகமுள்ள வயதான வெள்ளைக்காரர். குமரனையும் தவம் அண்ணனையும் பார்த்துவிட்டு, பணத்தை யார் முடிவு செய்வார் என்று ஊகித்தாரோ என்னவோ, என்னிடம் வந்தார். “சொல்லுங்கள் மேடம், நீங்கள் எம்பிவி ஆளா, எஸ்டேட் ஆளா?”

“எஸ்டேட் ஆள்” என்று ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னேன். இத்தனை வருடம் அந்தக் கேள்விக்குச் சொல்லிப் பழகிய பதில். குமரனுக்கு இருமல் வந்தது.

ஆனால் முதலில் ஓட்டிப் பார்த்தது குமரன் கேட்ட எம்பிவியைத்தான். நான்தான் ஓட்டுவேன் என்றேன். லைசன்ஸை நான் இரண்டாவது தடவையில் எடுத்தேன். குமரனுக்கு மூன்று தடவை போனது. சாவியை வாங்கிக்கொண்டு, “நீங்க கடைசி வரிசையில ஒக்காருங்க” என்றேன்.

“நானோ? ஏன்?”

“சீட் எப்படி இருக்குனு ஒக்காந்து பார்த்தாதானங்க தெரியும்.”

நடுவரிசை சீட்டைத் தள்ளி, குனிந்து, ஒரு காலை முதலில் விட்டு, மற்றக் காலை இழுத்துக்கொண்டு அவர் உள்ளே போனதைத் தவம் அண்ணன் மிகவும் ரசித்துப் பார்த்தார். ஆரணி நடுவில். தவம் அண்ணன் என் பக்கத்தில். கராஜைச் சுற்றி, பெரிய வீதிக்கு ஏறி, ஒரு பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்தேன். எஞ்சின் நல்ல எஞ்சின்தான், பால் மாதிரி ஓடியது. கண்ணாடியில் குமரனின் முழங்கால்களும் அவற்றுக்கு மேலே முகமும் தெரிந்தன.

நிறுத்தியதும் தவம் அண்ணன் ஆரணியை அழைத்துக்கொண்டு மற்றக் கார்களைப் பார்க்கப் போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்து, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“கொஞ்சம் ஒடுக்கம்தான். முழங்கால் முட்டுது. ஆனா பழகிடும்.”

“யாருங்க பழகணும்?”

குரலை நான் உயர்த்தவில்லை. அவர் வெளியே வரவேண்டுமென்றால் நான் இறங்கிப்போய் நடுச்சீட்டை மடித்துவிட வேண்டும். அதனால் அவரால் எழுந்தும் போக முடியவில்லை.

“நீர் பலகடுவவை இன்னும் மறக்கேல்லை” என்றார் கடைசியில்.

“நீங்க மறந்துட்டீங்களா?”

யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ ஒரு காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். “இல்லை. அண்டைக்கு நானும் இறங்கியிருக்கலாம். மாப்பிள்ளை நடந்தால் ஒருத்தரும் ஒண்டும் சொல்லியிருக்க மாட்டினம்.”

எட்டு வருடத்தில் அதைப்பற்றி நாங்கள் பேசியது அன்றைக்குத்தான். நான் இறங்கிப்போய் சீட்டை மடித்தேன். அவர் வெளியே வந்து முழங்காலைத் தடவிக்கொண்டார்.

பிறகு எஸ்டேட்டைப் பார்த்தோம். கரும்பச்சை நிறம், நீளமான உடம்பு, டீசல். நடுவரிசை ஒரே நீண்ட பெஞ்ச்; மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் இருக்கலாம். அப்படியென்றால் ஆரணி எங்கே என்று கேட்டேன். அதற்குத்தான் காத்திருந்தவர்போல விற்பனைக்காரர் பின்கதவைத் தூக்கினார். சாமான் வைக்கிற தளத்தில் ஒரு பலகையை இழுத்தார். உள்ளேயிருந்து இரண்டு சின்ன சீட் எழுந்து வந்தன, வந்த பாதையைப் பார்க்கிற மாதிரி, முகம் பின்பக்கமாக. பெல்ட்டும் இருந்தது. ஆரணி கேட்காமலே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சீட்டின் பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். சிறுவர்களுக்கு மட்டும், பெரியவர்கள் இதில் பயணம் செய்யக் கூடாது. விற்பனைக்காரர் அதை ஒரு குறையைச் சொல்வதுபோலத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரு பெரியவர் இதில் இருந்து ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரன் சதம் தரமாட்டான், எவ்வளவு அவசரமானாலும் கூடாது என்றார்.

“அப்படினா பெரியவங்க யாரும் இதுல ஏறவே முடியாது?” என்று உறுதிப்படுத்திக்கொள்ளத் திரும்பவும் கேட்டேன்.

“முடியாது மேடம். மன்னிக்க வேண்டும்.”

ஸ்டிக்கரை இரண்டாம் தடவையும் வாசித்தேன். “இதையே எடுப்பம்” என்று எனக்கு முன்னால் குமரன் சொன்னார். டீசல் வென்றது என்று தவம் அண்ணன் கையைத் தட்டினார். நாங்கள் அவரைத் திருத்தவில்லை.

5

பதிவுப் பத்திரம் தபாலில் வந்தது. என் பெயருக்கு எழுதச் சொல்லியிருந்தேன். வண்டியின் வகை என்ற இடத்தில் ‘எஸ்டேட்’ என்று அச்சடித்திருந்தது. என் பிறப்புச் சான்றிதழிலும் பிறந்த இடம் என்ற இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

மாமி காரைச் சுற்றி வந்து பார்த்தார். கதவைத் திறந்து பெஞ்சின் நீளத்தைக் கையால் அளந்தார். “மூண்டு பேரும் ஒரு வாங்கிலயோ?”

“ஆமா மாமி. உங்களுக்கு யன்னல் பக்கம்.”

அன்றிலிருந்து எங்கே போனாலும் மாமி யன்னல் ஓரம் இருந்து, கைப்பையை நடுவில் வைத்துக்கொண்டார். பழைய காரில் அதை மடியில்தான் வைத்திருப்பார். கோயிலுக்குப் போகும்போதும், தமிழ்க் கடைக்குப் போகும்போதும் அந்தக் கறுப்புப் பை ஒரு ஆள் மாதிரி நடுச்சீட்டில் நேராக உட்கார்ந்து வந்தது. ஆரணி பின்பக்கம் பார்த்து இருந்து, வருகிற லொறிச் சாரதிகளுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தாள்.

இப்போது அவள் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். தமிழ் பேசினால் மாமியின் யாழ்ப்பாணத் தமிழ் வருகிறது. என் தமிழ் வருவதில்லை. தாத்தா பேசினால் உனக்கு விளங்குமா என்று கேட்டேன். தாத்தாவுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பேன் என்றாள்.

6

ஹீத்ரோவில் அப்பாவும் அம்மாவும் வெளியே வந்தபோது இருவரும் ஒரு தள்ளுவண்டியை நான்கு கையால் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்பா மெலிந்திருந்தார். இடது முழங்கால் முன்பைவிட விறைத்திருந்தது. அம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டு முதலில் சொன்னது, பிளேனில் கொடுத்த சோறு வேகவில்லை என்பது. மாமியும் எங்களோடு வந்திருந்தார். வராமல் இருந்திருக்கலாம், வந்தார். கும்பிட்டார்கள், சுகம் கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் சந்தித்தது இரண்டு தடவைதான்.

கார் நிறுத்துமிடத்தில் குமரன் பெட்டிகளைக் கூரைமேல் ஏற்றிக் கட்டத் தொடங்கினார். மாமி தன் யன்னல் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். கைப்பை நடுவில். அம்மா மற்றப் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு, யாராவது சொல்லட்டும் என்று நின்றார்.

அப்பாவைக் காணவில்லை.

அவர் பின்பக்கம் போயிருந்தார். தூக்கியிருந்த கதவுக்குக் கீழே, எழுப்பி வைத்திருந்த சின்ன சீட்டுகளைப் பார்த்துவிட்டார். தன் இடம் எதுவென்று விளங்கிவிட்டது, அப்படித்தான் நினைத்திருப்பார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, விறைத்த காலை முதலில் மேலே தூக்கிவைக்க முயன்றுகொண்டிருந்தார்.

“அப்பா, என்னா செய்றீங்க?”

“நா இங்கனயே ஒக்காந்துக்கிறேன்மா. சம்பந்தியம்மா வசதியா இருக்கட்டும். நமக்குப் பழக்கந்தான.”

எல்லாம் செய்து முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவருடைய கால் தானாகவே அந்த இடத்துக்குப் போகும் என்று நினைத்திருக்கவில்லை. குமரன் மேலே கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

ஆரணிதான் வந்தாள். தாத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “தாத்தா, இது என்ர சீட். பெரிய ஆக்கள் இதில இருக்கேலாது.” மஞ்சள் ஸ்டிக்கரில் விரலை வைத்துக் காட்டினாள். “இஞ்ச எழுதியிருக்கு.”

அப்பா ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுத்து என்றால் அவர் எப்போதும் என்னைத்தான் பார்ப்பார்.

“ஆமாப்பா. அப்படித்தான் எழுதியிருக்கு. பெரியவங்க ஏறக் கூடாது, சட்டம்.”

“சட்டமா?”

“சட்டம்.”

சட்டம் என்றால் அவருக்கு மறுபேச்சு இல்லை. காலை இறக்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாமல் பக்கவாட்டுக்கு வந்தார். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். மாமியும் அவரைப் பார்த்தார். பின்பக்கம் நடந்தது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்; ஒரு காருக்குள்ளே எவ்வளவு தூரம்.

மாமி நடுச்சீட்டில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “கால் நீட்டிறதுக்கு அங்கால் பக்கம் யன்னலோரம் நல்லது. தங்கச்சி நடுவில இருக்கட்டும்” என்றார்.

தங்கச்சி என்றது என் அம்மாவை. அம்மா ஏறி நடுவில் உட்கார்ந்தார். அப்பா ஏறிக் காலை நீட்டினார். ஆரணி பின்னால் தன் சிம்மாசனத்தில். குமரன் என் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் சாவியைத் திருப்பினேன். டீசல் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நிதானமாகியது.

பெரிய வீதிக்கு வந்த பிறகு அப்பா சீட்டைத் தடவிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். “நல்ல நீட்டமான வண்டி மாப்புள. இதுக்குப் பேரு என்னா?”

குமரன் என்னை ஒரு தடவை பார்த்தார். “இதை எஸ்டேட் எண்டு சொல்லுவினம், மாமா.”

“எஸ்டேட்டா?”

“ஓம், எஸ்டேட் கார்.”

அப்பா சீட்டை இன்னொரு தடவை தடவினார். பிறகு, பலகடுவ ஏற்றத்தின் உச்சியில் வேனைத் தட்டியபோது இருந்த அதே குரலில் சொன்னார். “அப்படினா இப்ப சம்பந்தியம்மாவும் எஸ்டேட்லதான் இருக்காங்க.”

காருக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா அப்பாவின் கையை இடித்தது கண்ணாடியில் தெரிந்தது. குமரன் நேரே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன், ஏனென்று தெரியாது.

மாமி யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். கைப்பையின் பூட்டை ஒரு தடவை திறந்து மூடினார்.

“ஓம்” என்றார். “பழகத்தானே வேணும்.”

முதலில் சிரித்தது அம்மா. பிறகு அப்பா. பின்னால் இருந்த ஆரணி, என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே சேர்ந்து சிரித்தாள். மாமி சிரித்தாரா என்று சொல்ல முடியாது. அவர் முகம் கண்ணாடியில் விழவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ஒரு ஏற்றம் இருக்கிறது. மாத்தளைக்காரர்கள் அதை ஏற்றம் என்றே சொல்லமாட்டார்கள். ஆனாலும் ஆறு பேரும், கூரைமேல் பெட்டிகளும். நான் ஒரு கியரைக் குறைத்து மிதித்தேன். வண்டி இழுத்தது. ஒருவரும் இறங்க வேண்டி வரவில்லை.